அக்காவை ஓடவிடாத மாத்திரை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இன்று வந்திருக்கும் உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். அக்கா ஓடியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஓட முடியாமல் அவர் தவித்ததைத் தங்கையாகிய நான் இந்த நினைவு மடலில் எழுதுகிறேன்.

பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். ஓட்டப் போட்டிகளில் வென்று, ராசிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையானார். இளைய மகன் பிறந்த சில வாரங்களில் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. பிள்ளைப்பேற்றை ஒட்டி இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள்.

மாத்திரைகளால் வீக்கம் வடிந்தது. நடக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் அக்கா மைதானத்தில் ஓடிப் பார்த்தார். ஒரு சுற்றுகூட முடியவில்லை. மணிக்கட்டில் விரல் வைத்தவர் திகைத்துப்போனார். உட்கார்ந்திருப்பவரின் நாடியைப் போல அது நிதானமாக இருந்தது.

"ஏனுங்க டாக்டர், ஓடினா நெஞ்சு படபடன்னு அடிக்கோணுமல்லங்க? எனக்கு ஏறவே மாட்டீங்குதுங்க. காலு கல்லாட்டம் கெடக்குது" என்றார்.

"இதயம் ரொம்ப வேகமாத் துடிக்காம அதுல ஒரு மாத்திரை பிடிச்சு வைக்குதுங்கம்மா. அதனால ஓடுறப்ப காலுக்கு வேணும்கிற ரத்தம் போய்ச் சேராது. ஆனா அந்த நிதானத்துலதான் உங்க இதயம் தேறும். நாடியைப் பார்க்காதீங்க. மூச்சு வாங்காமப் பேசிட்டே நடக்க முடியுதா, அது போதும்."

அக்காவுக்கு அது போதவில்லை. "ரூமுக்குள்ள போட்டுப் பூட்டுன மாதிரி இருக்குது சாமி" என்று என்னிடம் அழுதார்.

பள்ளி விளையாட்டு விழா நெருங்கியபோது யாரிடமும் சொல்லாமல் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆசிரியைகள் ஓட்டத்தில் முதலாவதாக வந்து, சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார். சில நாட்களிலேயே படுத்தால் மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்து, சேலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம்.

"ஏஞ்சாமி இப்படிப் பண்ணுன?" என்று அக்காவின் கணவரான மாமா உடைந்துபோய்க் கேட்டார்.

"ஒருக்கா ஓடிப் பார்க்கோணும்னு இருந்துதுங்க. இனி மாத்திரைய உடமாட்டனுங்க. ஆனா பழகிட்டேன்னு மட்டும் என்னைய சொல்லச் சொல்லாதீங்க."

சொன்னபடியே இருந்தார். இளையவன் பள்ளி முடிக்கும்வரை வாழ்ந்தார். ஒருநாளும் பழகிவிட்டது என்று சொல்லவில்லை. சென்ற ஆண்டு வந்த காய்ச்சலை அந்த இதயத்தால் தாங்க முடியவில்லை.

சிகிச்சை அளித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், மைதான வகுப்புகளைத் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்ட சக ஆசிரியைகளுக்கும் எங்கள் நன்றி. எப்போதும் விறுவிறுவென்று நடக்கும் மாமா, அக்காவுக்காக மெதுவாக நடக்கக் கற்றுக்கொண்டார். இப்போது காலை நடைக்குத் தனியாகத்தான் போகிறார். வழியில் பார்த்தால், கொஞ்ச தூரம் கூடவே நடங்கள்.