வெள்ளை ஐஸில் ஏழு குதிப்பு

என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: "ஐப்பசி, கடைசிச் சனிக்கிழமை, பிற்பகல். ஜூனியர் ஆண்கள் ஐஸ் ஸ்கேட்டிங், இரண்டாம் நாள். பார்த்த இடம், பாம்பனில் தங்கை வீடு."

முதல் நாள் முடிவில் தங்கைக்குப் பிடித்த ஜப்பான் பையன் இரண்டாம் இடத்தில் இருந்தான். அவன் ஜெயிக்க வேண்டுமே என்ற கவலையில் அவள் காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவள் கணவர், என் மச்சான், மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். டிவியைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"ஐஸு பால் மாதிரி வெள்ளையா இருக்கு மச்சான். உள்ள காத்து ஏறுனது. குதிச்சா உடைஞ்சிரும். பய விழுகப் போறான்."

"வாயக் கழுவுங்க," என்றாள் தங்கை. "மீனுக்குப் போடுற ஐஸும் இதும் ஒண்ணா?"

பையன் வந்தான். முதல் குதிப்புக்கு முன்பே தங்கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் காற்றில் சுழன்று, ஒற்றைக் காலில் இறங்கி, அப்படியே வழுக்கிக்கொண்டு போனான். ஏழு முறை குதித்தான், ஒரு முறைகூட விழவில்லை. முதலிடம் என்று திரையில் வந்ததும் தங்கை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அவளைவிடப் பலமாகக் கைதட்டியவர் மச்சான்தான்.

"என்னங்க, உங்க ஐஸு உடையலையே?"

"அடியில வெள்ளப் பெயிண்டு அடிச்சிருப்பானுவ. மேல நல்ல ஐஸுதான்."

அதையும் எழுதிக்கொண்டேன். பெயிண்ட் அடிப்பார்களா என்பதை இன்னும் சரிபார்க்கவில்லை.