எழுபத்திரண்டைக் கழித்து

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது பிற்பகல் மூன்று இருபது. தங்கை கல்லூரி நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "உங்க அண்ணன் போயிட்டாரும்மா," என்றாள் நர்ஸ். கையிலிருந்த புத்தகத்தை அதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் அவர்கள் இருவர்தான். நாற்பத்து மூன்று வயதில், மூன்று கை மாறிய ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரோடு வாசலில் வந்து நின்றான். மலைப்பாதைப் பந்தயத்தில் தொள்ளாயிரம் கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அதில் ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. வண்டியோ தொள்ளாயிரத்து அறுபது கிலோ.

"பெரிய என்ஜின் போட நமக்கு வக்கில்ல. கழட்டிப் போட ஸ்பானர் போதும்," என்பான்.

வேலை முடிந்து வந்து, மாலை வெளிச்சம் இருக்கும்வரை கழற்றுவான். ஸ்டெப்னி, ரேடியோ, ஏசி என்று ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடை மிஷின் மேல் ஏறுவான். வருகிற எண்ணில் தன் எடையான எழுபத்திரண்டைக் கழித்து, ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதுவான்.

ஐந்தாவது மாதம் பக்கத்து இருக்கை வெளியே வந்தது.

"பன்னிரண்டு கிலோ," என்றான்.

"இதுவா? ஒரு பக்கம் பிடிச்சதுக்கே இடுப்பு விட்டுப்போச்சு."

"நாள் பூரா உட்கார்ந்தே இருந்தா விடத்தான் செய்யும்."

அவள் விடவில்லை. இருக்கையோடு ஒரு தரம், தனியாக ஒரு தரம் ஏறி இறங்கினாள். பதினேழு கிலோ வந்தது.

"மிஷின் உன்னைப் பார்த்துப் பயந்துட்டுது."

"பேசாம நீ தனியா ஏறு."

ஏறினான். முள் அறுபத்தேழில் நின்றது.

"பார்த்தியா, ஓட்டுறவன்லயே அஞ்சு கிலோ குறைச்சுட்டேன்!" என்று சிரித்தான். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. அதன்பின் மூன்று வாரம் கழித்துத்தான் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

அவன் வார்டில் படுத்திருக்க, அவள் ஷெட்டில் கிடந்த ஒவ்வொன்றையும் மறுபடி எடை போட்டுச் சுவரைத் திருத்தினாள். வண்டி தொள்ளாயிரத்து மூன்றுக்கு வந்திருந்தது.

"மூணு கிலோதானே," என்றான். குரல் நூலாகியிருந்தது. "தரையில சத்தம் கேக்காம இருக்கத் தார்ப்பட்டை ஒட்டியிருப்பான். அதைச் சுரண்டி வை. மிச்சத்தை நான் வந்து பார்த்துக்கறேன்."

"சீட்டையும் எடுத்தாச்சு. நான் எங்க உட்கார்றது?"

"நீ ஏறினா அறுபது கிலோ. நடந்து வா."

ஓட்டுகிற பக்கத்தை நான்கு நாள் காலையில் சுரண்டினாள். ஒன்றரைக் கிலோ தேறியது. ஐந்தாம் நாள் அடுத்த பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டியதும் வேலைக்கு நேரமாகிவிட்டது. உளியை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள். அன்றுதான் போன் வந்தது.

எல்லாம் முடிந்து உறவினர்கள் போனபின் ஒரு காலை வண்டியில் பக்கத்து இருக்கை இருந்த அந்த வெறுந்தரையில் போய் உட்கார்ந்து உளியை எடுத்தாள். சுரண்டாமலே கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கி வந்தாள்.

அந்தப் பக்கத்துத் தார்ப்பட்டை இன்னும் எடுக்கப்படவில்லை. வண்டி தொள்ளாயிரத்து ஒன்றரைக் கிலோ.