சுத்தமான சுண்ணாம்பு

உரச் சோதனைக் கூடத்தில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளா என்பதே சந்தேகம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சுண்ணாம்பு மேசைதான் அவளுடையது. அதனால் எல்லோருக்கும் அவள் சுண்ணாம்பக்கா. சாயங்காலம் புருவம்வரை வெள்ளைப் பொடி அப்பிக்கொண்டு கிளம்பும்போது, "அக்காவுக்கு ஒரே நாள்ல நரைச்சிருச்சு" என்று வாசல் காவலாளி தவறாமல் சொல்வார். அவளும் தவறாமல் சிரிப்பாள்.

புளித்துப்போன மண்ணுக்குப் போடுகிற சுண்ணாம்புதான் அவள் பார்வைக்கு வரும். ஜல்லித் தூளைக் கலந்து விற்கிற ஆட்கள் எப்போதும் இருந்தார்கள். பொடியைச் சலித்து, நிறுத்து, கண்ணாடிக் குடுவையில் அமிலத்தை ஊற்றுவாள். நல்ல சுண்ணாம்பு புஸ்ஸென்று பொங்கி அமிலத்தைக் குடித்துவிடும். குடிக்காமல் மிஞ்சிய அமிலத்தை, மேலே மாட்டிய கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். குடுவை ரோஜா நிறமானால் கணக்கு முடிந்தது. நல்ல சரக்கென்றால் சீக்கிரம் சிவக்கும். கலப்படம் என்றால் விட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு கோணிப்பையோடு வந்து நின்றது அவளுடைய அக்காவின் கணவர். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர் அவர்தான். வேலைக்கான தேர்வு எழுதிய அன்று, வெயிலில் வெளியே நின்று, "எழுதிட்டியா, எழுதிட்டியா" என்று கேட்டு உயிரை எடுத்தவர். அவரை அவள் இவ்வளவு இளைத்துப் பார்த்ததில்லை.

"என்ன அத்தான், சொல்லாம கொள்ளாம?"

"தோட்டம் போச்சும்மா."

பைக்குள்ளிருந்து ஒரு ஆரஞ்சுக் கிளையை எடுத்து மேசையில் வைத்தார். இலை முழுக்க மஞ்சள். நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றது. போன வருஷம்தான் காய்க்கத் தொடங்கிய மரங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சுண்ணாம்பு போட்டு அவர் மரமெல்லாம் செழித்ததைப் பார்த்து, இவரும் லாரியில் இறக்கி, அவரைவிட ஒரு கை கூடவே போட்டிருக்கிறார்.

"போலியைத் தலையில கட்டிட்டான் கடைக்காரன். நீ எழுதிக் குடு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தான். அந்தக் குரலில் கோபத்தைவிட ஆசைதான் அதிகம் இருந்தது. யார் மீதாவது பழி போட்டுவிட்டால் பாரம் இறங்கும் என்கிற ஆசை.

அவளுக்கும் அதே ஆசைதான். போலியாக இருக்கட்டும், மண்ணாங்கட்டியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான், அவர் பையில் கொண்டுவந்திருந்த மிச்சச் சுண்ணாம்பில் அமிலத்தை ஊற்றினாள். பொடி பொங்கியது. கொதிக்க வைத்து ஆற்றினாள். குழாயைத் திறந்து காரத்தை விட்டாள். இன்னும் கொஞ்சம் போகட்டும், சிவக்காதே என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். குடுவை சட்டென்று ரோஜாப்பூவாகிவிட்டது.

கை தவறியிருக்கும் என்று மறுபடி செய்தாள். மறுபடியும் அதே நிறம். சல்லடையில் போட்டுப் பார்த்தால் முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி முழுக்கக் கீழே இறங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமான சரக்கு அவள் மேசைக்கு வந்ததே இல்லை.

மேலதிகாரியிடம் போய், சொந்தக்காரர் சாம்பிள் என்று சொல்லிவிட்டாள். "அப்ப வேற கை செய்யட்டும்மா. உங்களுக்கும் நல்லது" என்றார் அவர். பக்கத்து மேசைக்காரி செய்தாள். "அக்கா, தங்கமான சுண்ணாம்பு!" என்று அங்கிருந்தே கத்தினாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

பைக்குள் அடியில் தோட்டத்து மண்ணும் ஒரு பொட்டலம் இருந்தது, சுண்ணாம்பு படாத வேலியோரத்து மண். அதையும் கரைத்துப் பார்த்தாள். அந்த மண்ணில் புளிப்பே இல்லை. அதற்குச் சுண்ணாம்பே தேவைப்பட்டிருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து மண் வேறு, இவர் மண் வேறு. தேவையில்லாத இடத்தில் நல்ல சுண்ணாம்பை அள்ளிப் போட்டதில், மண்ணில் இருக்கிற இரும்பை வேரால் எடுக்க முடியாமல் போய்விட்டது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தண்ணீர் கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். "அப்ப கடைக்காரன் மேல தப்பில்ல?"

"இல்ல அத்தான்."

"போட்டதை எடுக்க முடியாதா?"

"மண்ணோட கலந்துருச்சே. இரும்புச்சத்தை இலைல அடிக்கலாம். கொஞ்ச நாள் பச்சையாகும்."

"அப்புறம்?"

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"நீ இங்கதான இருக்க, இத்தனை வருஷமா" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலச் சொன்னார். மண்ணைப் பார்த்துச் சொல் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அக்கா புகுந்த வீட்டு நிலத்தில் நாம் என்ன மூக்கை நுழைப்பது என்று இவளும் வாயைத் திறந்ததில்லை. சாப்பிட வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டாள். பஸ் போய்விடும் என்று எழுந்துவிட்டார்.

சொன்ன மருந்தை அடித்தார். மரங்கள் பச்சையாகின என்று அக்கா போனில் சந்தோஷமாகச் சொன்னாள். அடுத்த தளிர் மஞ்சளாகவே வந்தது. மறுபடி அடித்தார். பிறகு அக்காவிடமிருந்து போன் வருவது நின்றுபோனது.

லீவு போட்டுவிட்டு அவள் போனபோது பாதித் தோட்டம் வெட்டவெளியாகக் கிடந்தது. அத்தான் தன் கையாலேயே மரங்களைத் தோண்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "வா" என்று ஒரு சொல். அவ்வளவுதான். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, விழுந்த மரமொன்றின் மறுமுனையைப் பிடித்தாள். வேரில் இன்னமும் வெள்ளைத் துகள்கள் ஒட்டியிருந்தன. இருவரும் அதை வரப்புக்கு இழுத்துப் போட்டார்கள். உள்ளங்கையில் முள் கிழித்ததை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

அக்கா டீ கொண்டுவந்தாள். தங்கையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அத்தான் காதில் விழாதபடி கேட்டாள்.

"ஏன்டி, மழை பெஞ்சா கரைஞ்சு போயிராதா?"

"போகும்க்கா."

"எப்போ?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் அவள் பஸ் ஏறினாள். இன்னும் எத்தனையோ வருஷமாகும் என்பதும் அவளுக்குத் தெரியும். டீயில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.