பெமிலாவும் பத்து மணி மின்சாரமும்

பெமிலா பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தவள். தக்கலையிலிருந்து தினமும் பஸ்ஸில் நாகர்கோவில் வந்து, ஆறு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் மின்சாரப் பொறுப்பைப் பார்க்கிறாள். லிஃப்டும் ஜெனரேட்டரும் அவள் சொன்னபடி கேட்டன. தீ எச்சரிக்கைப் பேனல்தான் அவளைப் படுத்தியது.

கரண்ட் போனாலும் ஒரு நாள் தாக்குப்பிடிக்க அந்தச் சிவப்புப் பெட்டிக்குள் இரண்டு பேட்டரிகள் உண்டு. மூன்று வருடமாவது உழைக்க வேண்டியவை, எட்டு மாதத்தில் செத்தன. மாற்றினார்கள். அவையும் செத்தன. மூன்றாவது ஜோடி போட்ட அன்று மேனேஜர் ஞானசிங் கேட்டார்.

"என்னவாக்கும் பெமிலா, இது பேட்டரிய தின்னுதா?"

"எனக்கும் மனசிலாவல்ல சார்."

பேனலின் பதிவைத் தட்டிப் பார்த்தாள். தினமும் காலை பத்துக்கு மின்சாரம் நிற்கிறது, இரவு ஒன்பதுக்கு வருகிறது என்றது. மறுநாள் பத்து மணிக்கு மல்டிமீட்டரோடு பேனல் முன்னால் போய் நின்றாள். பச்சை விளக்கு எரிந்தது. அளந்தால் இருநூற்று முப்பது வோல்ட். பத்தரைக்கும் அதே. அதற்கடுத்த நாளும் நின்றாள். மின்சாரம் இருக்கும் நேரத்தில் இல்லை என்று சொல்லும் பெட்டியை நம்புவதா, தன் கண்ணை நம்புவதா? கடையின் வயரிங் வரைபடத்தை விரித்தாள். பேனலுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அன்று இரவு வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, புது பேட்டரி பாரம் தாங்குமா என்று பார்க்க, காலை பதினொன்று இருபதுக்கு அவளே பேனலின் ஃபியூஸைப் பிடுங்கினாள். பதிவு, இரவு பதினொன்று இருபது என்று எழுதியது.

பெமிலா மூன்று முறை படித்தாள். பேட்டரி மாற்ற வந்தவன் கடிகாரத்தில் காலையையும் இரவையும் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அப்படியானால் நிற்பது இரவு பத்துக்கு, வருவது காலை ஒன்பதுக்கு.

இரவு பத்துக்கு இந்தக் கட்டடத்தில் தானாக அணைவது ஷோகேஸ் விளக்குகள் மட்டுமே. அதன் டைமரை நண்பகலில் கையால் திருப்பினாள். பொம்மைகள் மேல் வெளிச்சம் போனது, கூடவே பேனல் கீச்சென்று கத்தியது. யாரோ வரைபடத்தை விட்டுவிட்டு, கைக்கெட்டிய ஷோகேஸ் லைனிலிருந்து பேனலுக்கு வயர் இழுத்திருக்கிறார்கள். இரவெல்லாம் பேட்டரியில் ஓடி ஓடி, அது செத்தபின் காலை ஒன்பதுவரை பேனலே ஊமை.

யார் செய்தது, ஏன் செய்தது? வயரிங் செய்த பழைய ஒப்பந்தக்காரர், சத்தியமாக அது நான் இல்லை என்றார்.

இரண்டே நாளில் மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுத்து, பிரேக்கருக்குப் பூட்டும் போட்டாள். பிறகு ஆறாவது மாடிக்கு ஏறினாள். கடைப் பெண்கள் பதினெட்டு பேர் தங்கும் விடுதி அங்கேதான். சேலைப் பிரிவு ரெனிஷாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

ரெனிஷா குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, வார்டனிட்ட சொல்லிராத. ரெண்டு மாசம் முன்ன ராத்திரி, ரூம்ல ஒளிச்சி வச்சி சமைச்ச ரைஸ் குக்கர் கரிஞ்சி ரூம் முழுக்க பொகை. பெல் அடிக்கல்ல. நல்ல காலம், மாட்டாம தப்பிச்சோம்னு சந்தோஷப்பட்டோம்."

திட்டுவதா அழுவதா என்று பெமிலாவுக்குத் தெரியவில்லை. "ஏட்டி..." என்றாள். சோதனைக்கு வைத்திருந்த புகை ஸ்ப்ரேயை எடுத்து, மேற்கூரையில் இருந்த புகை டிடெக்டரில் அடித்தாள். மணி அலறியது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினார்கள்.