கோட்டு மேல ஒரு குமிழ்

பேனர் டிசைன் பண்றவனுக்குக் கம்ப்யூட்டர் தெரிஞ்சா மட்டும் போதாது, முதுகுக்குப் பின்னாடி நிக்கிறவங்களையும் தாங்கத் தெரியணும். நாள் முழுக்க திரையில ஒரு கோட்டு மேல இருக்கற குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கிட்டே கிடக்கற என் சகோதரர்களே, சென்னீர்குப்பத்துல என் கடையில ஒரே ஒரு பேனருக்கு நடந்த கூத்தைக் கேளுங்க.

கொஞ்சூண்டு

திருவேற்காட்டுல இருந்து சரோஜாக்கா வந்தாங்க. மறுநாள் காலையில அவங்க மக ரேவதிக்கு நிச்சயதார்த்தம், மண்டப வாசல்ல பேனர் வைக்கணும். நாற்காலியை என் பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டு, "மாப்ள ஊட்டுல பொண்ணு கறுப்புன்னு ஏற்கெனவே ஒரு பேச்சு வந்துச்சுப்பா. பேனர்லயாவது பளிச்சுனு இருக்கட்டும்"னு மெதுவா சொன்னாங்க. பாவமாத்தான் இருந்தது.

வெளிச்சத்தைக் கூட்டற குமிழை நகர்த்தினேன். "இன்னும் கொஞ்சூண்டு." நகர்த்தினேன். "இன்னும்." இதுக்கு மேல போனா பொண்ணுக்கு மூக்கு இருக்காது. அதனால நாம எல்லாரும் செய்யறதைத்தான் நானும் செஞ்சேன். குமிழைக் கடைசி வரைக்கும் இழுத்துட்டு, ரெண்டாவது தடவை நகர்த்தி நிறுத்தின அதே இடத்துல கொண்டாந்து விட்டேன். அக்கா உத்துப் பாத்துட்டுச் சொன்னாங்க: "ஆங், இது! இத மொதல்லயே செஞ்சிருந்தா இன்னா?"

மூலை

அடுத்து ரேவதியோட தாய்மாமன் தேவராஜண்ணன், ஆவடி குவார்ட்டர்ஸ்ல இருந்து வந்தாரு. தாய்மாமன் படம் இல்லாம நம்ம பக்கம் எந்த விசேஷ பேனரும் ஏறாது. சம்சாரத்தோட எடுத்த போட்டோவைக் குடுத்திருந்தாரு. அதைச் சதுரக் கட்டத்துக்குள்ள வெச்சிருந்தேன். அவர் நடுவுல ஜம்முனு நிக்கிறாரு, அந்தம்மா ஓரமா, கீழ் மூலையில உக்காந்திருக்காங்க.

"மூலையெல்லாம் குத்தற மாதிரி கீது, வளைச்சு வுடு"ன்னாரு. மூலையை வளைக்கிற குமிழை நகர்த்தினேன். "இன்னும் நைனா, இன்னும்." சரிதான்னு விட்டேன் ஒரு இழுப்பு. சதுரம் முழு வட்டமாயி, ஓரத்துல இருந்ததெல்லாம் போயிடுச்சு. அண்ணன் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி பாத்தாரு. "மூலையத்தான நைனா வளைக்கச் சொன்னேன், எம் பொண்டாட்டிய இன்னாத்துக்குக் கழட்டி வுட்ட?"

பழைய இடம்

அந்தம்மாவைத் திரும்பக் கொண்டாந்து, பிரிண்டுக்கு அனுப்பலாம்னு உக்காந்தப்ப ரேவதியே வந்துட்டா. அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை. கழுத்துல கம்பெனி அட்டையைக்கூடக் கழட்டல. அம்மாவுக்குப் பின்னாடி நின்னு திரையைப் பாத்தா. திரையில இருந்தவளையும் இவளையும் அக்கா தங்கச்சின்னு சொன்னாக்கூட யாரும் நம்ப மாட்டாங்க.

"அவுங்க பேசிட்டாங்கல்லடி, அதான்..."னு அக்கா இழுத்தாங்க.

ரேவதி கோவப்படல. இன்னும் கொஞ்சம் குனிஞ்சு பாத்துட்டு, "நல்லாத்தாம்மா கீறா. நாளைக்கு இவளையே மணையில உக்கார வெச்சிடு, நான் ஷிப்டுக்குப் போயிடறேன்"னா.

தேவராஜண்ணன் வாசப்பக்கம் திரும்பிக்கிட்டாரு. அக்கா மகளைப் பாத்தாங்க, திரையைப் பாத்தாங்க, மறுபடி மகளைப் பாத்தாங்க. முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு என்கிட்ட சொன்னாங்க: "அது மொதல்ல எங்க இருந்துச்சோ, அங்கயே கொண்டாந்து வுட்டுடுப்பா."

அன்னியில இருந்து அந்தக் குமிழைத் தொடறதுக்கு முன்னாடி, படத்துல இருக்கறவங்க கடைக்குள்ள எங்கயாவது நிக்கறாங்களான்னு ஒரு தடவை திரும்பிப் பாத்துக்கறேன்.