கோழி இறகுக்காரர்

மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் அவர் ஒரு கோழி இறகைச் செருகியிருப்பார். தொழுநோய்ச் சங்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற, கறுத்து மெலிந்த ஆள். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நான் அங்கே கலவைச் சட்டி தூக்கினேன். மத்தியானச் சோற்று வேளையில் வந்து, எங்கள் சொம்பிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகுதான் அவர் சோதனையைத் தொடங்குவார். நோய் என்று தெரிந்தால் மேஸ்திரி அன்றே விரட்டிவிடுவான். அதனால் அவரைக் கண்டதும் பாதிப் பேர் சட்டையை மாட்டிக்கொள்வார்கள்.

"இன்னா சார், இன்னிக்கி யாரைத் தூக்கினு போவப் போறே?" என்றாள் ஒரு சித்தாள்.

"உன்னைத்தாம்மா. கொழம்பு வாசனை ஆளை இஸ்க்குதே!"

சிரித்துக்கொண்டே திரும்பியவர், என் முழங்கையருகே வெளுத்திருந்ததைப் பார்த்துவிட்டார்.

"தேமல் சார்," என்றேன்.

"இருக்கட்டும் நைனா. கண்ணை மூடிக்கோ. எறகு படற எடத்தை வெரலால காட்டு."

மணிக்கட்டில் பட்டது, காட்டினேன். தோளில் பட்டது, காட்டினேன். பிறகு எங்கும் படவில்லை. சித்தாளின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"எப்போ சார் தொடுவே?" என்றேன்.

"மூணு தரம் தொட்டுட்டேன்," என்றார் காதருகில்.

"இன்னாய்யா அவனுக்கு?" என்று மேஸ்திரி தூரத்திலிருந்து கத்தினான்.

"வெறும் தேமல்!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, மாத்திரைப் பொட்டலத்தை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

முந்தைய வாரங்களிலும் அதே குரலில் எத்தனையோ பேருக்கு அவர் 'வெறும் தேமல்' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் கையை மூடிக்கொண்டு போனார்கள் என்று நான் அன்றுவரை பார்த்ததில்லை.