புதினாச் சத்தியம்

ஆரணிக்கு வந்து தனக்கோடி வீடு எது என்று கேட்டால் அடுத்த தெருக்காரர்களே உதட்டைப் பிதுக்குவார்கள். புதினா வீடு என்று கேட்டால் யாரானாலும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிடுவார்கள். பட்டுத்தறியில் கூலிக்கு நெய்கிறவர். பங்குனி பிறந்தால் கூத்து ஜமாவோடு ஊர் ஊராகக் கிளம்பிவிடுகிறவர். கூத்தில் அவருக்குக் கட்டியக்காரன் வேஷம். ராஜாவின் வாசலைக் காப்பதாகப் பேர். உண்மையில் சனங்களைத் தூங்கவிடாமல் சிரிக்க வைப்பதுதான் வேலை.

புதினா மேல் அவருக்கு அப்படி ஒரு பித்து. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சோப்புத் தண்ணீர் படாமல் மேடு கட்டி வளர்த்தார். அரிதாரம் பூசிய முகத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டு எவ்வளவு துடைத்தாலும் மூக்குக்குள் ஏறிய வாடை இறங்காது. கூத்து முடிந்து ஊர் திரும்பியதும் பல்கூட விளக்காமல் அந்த மேட்டருகே குந்தி ஒரு கொத்தைக் கசக்கி முகர்வார். அப்புறம்தான் அவருக்கு மனுஷன் என்கிற நினைப்பே வரும்.

"இந்த ஊட்ல குடிக்கிற தண்ணிகூட புதினா நாத்தம் அடிக்குது" என்பாள் மனைவி சாவித்திரி.

"நாத்தம்னு சொல்லாத, வாசனைன்னு சொல்லு" என்பார். இது ஒன்றுக்குத்தான் அவர் வீட்டில் கோபித்துக்கொள்வது.

வேஷம் கட்டும்போதும் இடுப்பில் ஒரு கொத்தைச் செருகிக்கொள்வார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றோ எழுபத்திரண்டோ, கண்ணமங்கலத்துப் பக்கம் ஒரு கூத்து. ராஜா வேஷக்காரருக்குப் பாட்டு மறந்துபோனது. சமாளிப்பதற்காக, "அடே கட்டியக்காரா, அரண்மனை நெய்யைத் திருடியது யார்? துளசி மேல் சத்தியம் செய்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். ஆடுகிற இடத்தில் துளசிக்கு எங்கே போவது? தனக்கோடி இடுப்பிலிருந்த புதினாவை உருவி, சாமி கும்பிடுகிற முகத்தோடு தலைக்குமேல் தூக்கினார்.

"இந்தத் தொளசி மேல சத்தியமா நான் நெய்யத் தொடலீங்க. நெஜமா." சொல்லிவிட்டு ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டார். "பொண்டாட்டிக்குத் தெரியாம நான் சாராயக்கடைப் பக்கமே போனதில்ல. நெஜமா." இன்னோர் இலை. இப்படியே பொய்க்கு ஓர் இலையாகத் தின்றுகொண்டே போய், கடைசியில் வெறுங் காம்பை ராஜாவிடம் நீட்டி ஏப்பம் விட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அன்று பிடித்தது சனி. அதற்கப்புறம் கூத்துக்குச் சொல்ல வருகிறவர்கள் பாக்கு வெற்றிலை வைக்கும்போதே "புதினா உண்டுதானே?" என்று கேட்டார்கள். ஆரணி வட்டாரத்தில் சொன்ன சொல் தவறுகிறவனுக்கு, "அவன் சொன்னது புதினாச் சத்தியம்" என்றே பேராகிவிட்டது.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. தறியில் உட்கார்ந்து மிதித்தபடியே ஒவ்வோர் ஊருக்கும் ஏற்றமாதிரி புதுப் பொய்களைக் கட்டுவார். அலுத்துப்போய், வேறு வேடிக்கைகளும் கட்டினார். குடையைப் பெண்டாட்டியாக நினைத்துச் சமாதானம் பேசுகிறவன், சினிமா பார்க்கப் போன ஆட்டுக்கிடா என்று எத்தனையோ. அவற்றைத் தொடங்குவதற்குள் கூட்டத்திலிருந்து "புதினா எங்கய்யா?" என்று குரல் வந்துவிடும். ஒரே இலையைத் தின்று ஒரே ஏப்பத்தைப் பத்து வருஷம் விட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

முழங்கால் இரண்டும் போய்விட்டன. மற்ற மாதமெல்லாம் தறி மிதி, பங்குனி பிறந்தால் ராத்திரி முழுக்க ஆட்டம் என்றால் இரும்பு மனுஷனா அவர்? சாவித்திரிதான் வேப்பெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிடுவாள். நிறுத்திவிடுகிறேன் என்று ஜமா வாத்தியாரிடம் ஒவ்வொரு வருஷமும் சொன்னார். "நீ இல்லேன்னா எங்கள எவன் கூப்புடுவான்?" என்று வாத்தியார் கையைப் பிடித்துக்கொள்வார். எட்டுக் குடும்பம் பிழைக்கிற விஷயம். வெறும் களைப்பைக் காட்டி அதை உதற அவருக்கு வாய் வரவில்லை.

எண்பத்து மூன்றில் மகள் தெய்வநாயகிக்கு வரன் வந்தது. பையன் வந்தவாசி பஸ் டிப்போவில் மெக்கானிக். அவர்கள் பெண் பார்த்துப் போனார்கள். இவர்கள் வீடு பார்க்கப் போனார்கள். காபி குடித்ததும் பையனின் அப்பா திருமலை தொண்டையைக் கனைத்தார்.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குது. ஒண்ணே ஒண்ணுதான். பையன் நாலு பேருக்கு மத்தியில வேல செய்யறவன். மாமனாரு கூத்தாடறாருன்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது பாருங்க. நீங்க கூத்த உட்டுடணும்."

சாவித்திரிக்கு முகம் செத்துவிட்டது. தனக்கோடிக்கோ தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கிவைத்தது போலிருந்தது. மகள் கல்யாணம் என்றால் எந்த வாத்தியார் கையைப் பிடிப்பார்? இதைவிட நல்ல காரணம் இந்த ஜன்மத்தில் கிடைக்குமா? கண்ணில் தண்ணீர் முட்டியது. நிமிர்ந்து உட்கார்ந்து, "உட்டுடறேங்க" என்றார்.

பையனின் தாய்மாமன் சின்னக்கண்ணு மூலையிலிருந்து மெதுவாகக் கேட்டார்:

"புதினாச் சத்தியமா?"

வீடே குலுங்கியது. உள்ளே கதவு மறைவில் நின்ற பெண்பிள்ளைகளின் சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

"இல்லீங்க, நெஜமா" என்றார் தனக்கோடி. அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் சிரித்தார்கள். அவர் முகத்தை இறுக்கிக்கொண்டார். முகத்தை இறுக்குவதுதானே அந்த வேடிக்கையின் உயிரே? "காலு முடியலீங்க. உட்டுடணும்னு எனக்கே ரொம்ப நாளா..." என்று கையெடுத்துக் கும்பிட்டபோது திருமலைக்குப் புரையேறிவிட்டது.

"போதும், போதும் சம்பந்தி! வயிறு வலிக்குது." அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க உடவும் வேணாம், ஒண்ணும் வேணாம். இப்படி ஒரு மனுஷன எவன் இன்னா சொல்லிடுவான்? வர்ற சித்திரைக்கு எங்க ஊரு பாரதக் கூத்துக்கு நீங்கதான் வந்து ஆடணும். வருஷா வருஷம்!"

அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாவித்திரி மகளுக்கு எடுக்கவேண்டிய புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். பஸ் சேத்துப்பட்டைத் தாண்டியது. தனக்கோடி சொன்னார்:

"சாவித்திரி, நான் நெஜமாவேதான் சொன்னேன். கூத்த உட்டுடலாம்னுதான்."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். எண்ணெய் தேய்த்துவிடுகிற அந்தக் கைகளால் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அடக்க முடியவில்லை. "இன்னும் உடலியா நீ? அங்கியே சிரிச்சு சிரிச்சு உயிரு போய்டுச்சி" என்று தோளில் சாய்ந்து குலுங்கினாள்.

பக்கத்தில் ஒருத்தர் சிரித்தால் அந்தச் சிரிப்பை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிவிடுவது அவர் தொழில். தனக்கோடி புருவத்தை ஏற்றி, உதட்டை ஒருபக்கமாகக் கோணி, அதையும் செய்தார்.